அந்த இரண்டாவது மடலை வெளியே விடுங்கள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பழைய காசு சேர்க்கும் நண்பர்களுக்கும், நம் குழுவுக்குள் போய்வரும் மின்மடல்களை மட்டுறுத்தும், அதாவது படித்துப் பார்த்து அனுமதிக்கும் அல்லது நிறுத்தும், இருவருக்கும்,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், துணி விரித்துப் பழைய காசு விற்பவர் முன்னால் குந்தியிருந்தேன். பக்கத்தில் ஒரு பையன், பிளஸ் டூ படிக்கிறவன். பேச்சுவாக்கில் என் பெயரைச் சொன்னதும் அவன் முகம் சுருங்கிவிட்டது. "சபீனா போட்டுத் தேய்க்கச் சொன்னது நீங்கதானா சார்?" என்றான்.

நான்தான். இந்த மடலை எழுத எனக்குத் தகுதி குறைவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். ஆடி மாதம் அவன் ஒரு செப்புக்காசின் படத்தை அனுப்பியிருந்தான். தாத்தா வைத்திருந்த காசு. பச்சைக் களிம்பு ஏறியிருந்ததால் புளி போட்டுத் தேய்த்துவிட்டு, 'இது என்ன காசு, என்ன விலை போகும்?' என்று கேட்டிருந்தான். வணக்கம் இல்லை, பெயர் இல்லை, மடலின் தலைப்பை எழுதும் பொருள் வரி (சப்ஜெக்ட்) காலி. அன்று ராத்திரிக்குள் பதினொரு பதில், அத்தனையும் 'ரிப்ளை ஆல்'. பொருள் வரி ஏன் காலி என்றார் ஒருவர். இங்கே விலை பேசக்கூடாது, தெரியாதா என்றார் இன்னொருவர். களிம்பைக் கரைப்பது காசைக் கொல்வதற்குச் சமம் என்று இரண்டு பக்கம் எழுதினார் மற்றொருவர். புளியின் அமிலம் காசின் மேல்தோலைத் தின்றுவிடும் என்பது உண்மைதான். அதை அவனுக்கு மட்டும் மூன்று வரியில் சொல்லியிருக்கலாம். கடைசியில், பாத்திரம் தேய்க்கும் சபீனா போட்டுத் தேய் என்ற என் கிண்டல். அதற்கு நான்கு பேர் சிரித்துப் பதில் போட்டார்கள், அதுவும் எல்லாருக்கும்.

பதினொன்றில் ஒன்றுகூட அவன் கேட்டதற்குப் பதில் இல்லை. ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி'. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கென்று அடித்த 'துட்டு' என்ற செப்புக்காசு அது. படத்தைப் பார்த்ததுமே நம்மில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். சொந்த ஊர்க் காசைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சின்னப் பையன் நம் வாசலில் நின்றிருக்கிறான், நாம் அவன் செருப்பு எங்கே கழற்றினான் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அப்புறம் நடந்தது மார்க்கெட்டில்தான் எனக்குத் தெரிந்தது. "மன்னிச்சுக்கங்க, இனிமே ஒழுங்கா எழுதறேன்னு மறுநாளே இன்னொண்ணு போட்டேன் சார். வரவே இல்லை." மட்டுறுத்தும் நண்பர்களே, அது உங்களிடம் நின்றுபோனது. ஏன் நிறுத்தினீர்கள் என்று அவனுக்கு ஒரு வரி போகவில்லை. அதே வாரம் நம் மூத்தவர்கள் இருவர், ஒரு தேய்ந்த சோழர் காசு யாருடையது என்று ஆரம்பித்து, ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் வராத கதை வரைக்கும் ஒன்பது நாள் மல்லுக்கட்டினார்கள். அது மட்டும் தங்குதடையின்றி வந்தது. புதியவனுக்குத் தாழ்ப்பாள், பழகியவருக்குத் திறந்த கதவு. இதற்கு மட்டுறுத்தல் என்று பெயரா?

உங்கள் வேலை லேசானது என்று சொல்லவில்லை. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. கண்டிப்பு வேண்டிய இடங்களும் இருக்கின்றன. பெண்ணையாற்று மணலில் ஒரு குடம் காசு கிடைத்தது, வாங்குகிறீர்களா என்று ஒரு மடல் வந்ததே, அதை நிறுத்தியது சரி. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்கும் மடல்களையும் நிறுத்துங்கள். பழைய ஐந்து ரூபாய்க் காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்ற ஏமாற்று வேலையை ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது. அந்த வகையறா இங்கே எட்டிப்பார்க்கவே கூடாது. ஆனால் நிறுத்தும்போது காரணத்தைச் சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் தெரியாமல் செய்பவர்கள்.

சூடான மடல்களுக்குப் பழைய வைத்தியம் ஒன்று இருக்கிறது. 1995இல் இணையத்தில் நடந்துகொள்ளும் முறை பற்றி 'ஆர்எஃப்சி 1855' என்று ஒரு குறிப்பு வந்தது. கோபத்தில் எழுதிய பதிலை ஒரு ராத்திரி தூங்கவிட்டு அப்புறம் அனுப்பு என்கிறது அது. எங்கள் ஆயா இதையே 'கஞ்சி ஆறட்டும்' என்பார். மூத்தவர்கள் மடலையும் ஒரு ராத்திரி ஆறவிடுங்கள். என்னுடையதையும்தான்.

பொருள் வரியைப் பற்றி எனக்கும் பிடிவாதம் உண்டு, அது வேறு காரணத்தால் வந்தது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்து, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த சமயம். பல நாள் கழித்துக் கரண்ட் வந்து பெட்டியைத் திறந்தால், 'ரீ: ரீ: இனிய புத்தாண்டு' என்று நாற்பது மடல். மொத்தமாக அழித்துவிட்டேன். நம் நண்பர் ஒருவர் அந்தத் தலைப்பின் கீழேயே, கூரை போய்விட்டது, யாரிடமாவது தார்ப்பாய் இருக்கிறதா என்று கேட்டிருந்தாராம். அவர் அதைப் பற்றி இன்றுவரை வாய் திறந்ததில்லை; அவர் மனைவி சொல்லித்தான் தெரியும். பேச்சு மாறினால் தலைப்பை மாற்றுங்கள் என்று நான் நச்சரிப்பது அதனால்தான்.

மற்றவை சில்லறை. 'நன்றி' சொல்ல ஒருவருக்கு எழுதினால் போதும். பத்து மடலின் வாலையும் சேர்த்து அனுப்பாமல், எந்த வரிக்குப் பதிலோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுங்கள். படத்தைச் சுருக்கி அனுப்புங்கள். ஜிமெயிலில் ஒரு மடலின் எல்லை 25 எம்பி. இணைப்பாகப் போகும்போது படம் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். காசின் இரண்டு பக்கமும் வேண்டும், எடையும் குறுக்களவும் வேண்டும். உங்கள் கட்டைவிரலின் முழு அழகு வேண்டாம்.

இதையெல்லாம் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே, அதட்டாத தமிழில் ஒரு பக்கமாக எழுதி அனுப்பினால் என்ன? வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன், நீங்கள் திருத்துங்கள்.

சரி, இப்போது கேட்பது ஒன்றுதான். அந்தப் பையனின் இரண்டாவது மடல் இன்னும் உங்களிடம் இருந்தால் வெளியே விடுங்கள். பதில் எழுதி வைத்திருக்கிறேன். பொருள் வரி: 'உன் தாத்தாவின் புதுச்சேரித் துட்டு'. அதில் சபீனாவுக்கான மன்னிப்பும் இருக்கிறது. கிண்டல் செய்தது எல்லாருக்கும் போனதால், இதையும் ரிப்ளை ஆலில்தான் அனுப்பப்போகிறேன்.

அன்புடன்,
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து உங்களில் ஒருவன்