சரிவகம் வரைந்த வாத்தியார்

அன்பிற்கினிய நண்பருக்கு,

வணக்கம். நலம், தங்கள் நலமும் வீட்டாரின் நலமும் அறிய ஆவல். கண்புரை அறுவைக்குப் பின் என் வலக்கண் நன்றாகத் தெளிந்துவிட்டது. பொடி எழுத்தையும் வாசிக்க முடிகிறது. பேரன் பிதாகரஸ் தேற்றத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறான், ஆனால் ஏன் அப்படி என்று கேட்டால் விழிக்கிறான் என்று தாங்கள் வருந்தி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும், சில வாரங்களாக என் நினைவைவிட்டு அகலாத ஒருவரைப் பற்றித் தங்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. ஜேம்ஸ் ஆப்ரம் கார்ஃபீல்டு, அமெரிக்காவின் 20ஆவது அதிபர். 1881 ஜூலை 2ஆம் நாள் சுடப்பட்டு, இரண்டரை மாதம் வேதனைப்பட்டு, செப்டம்பர் 19ஆம் நாள் இறந்தவர் என்ற அளவில் வரலாறு அவரைப் பெரும்பாலும் முடித்துவிடுகிறது. எனக்கோ அவர் ஒரு கிராமத்துப் பள்ளி வாத்தியார். 17 ஆண்டுகள் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் அமர்ந்திருந்தபோதும் வாத்தியாராகவே இருந்தவர்.

அவருடைய முன்னோரைப் பார்த்தால் அதிபர் பதவிக்கான அடையாளம் எதுவும் தென்படாது. தந்தை வழியின் மூதாதை எட்வர்டு கார்ஃபீல்டு, 1630களில் இங்கிலாந்திலிருந்து வந்து மாசசூசெட்ஸின் வாட்டர்டவுனில் குடியேறியவர். அவருக்குப் பின் வந்தவர்கள் காடு திருத்தி உழுதவர்கள். அமெரிக்கப் புரட்சிப் போருக்குப் பின் கொள்ளுத்தாத்தா சாலமன், நிலம் தேடி நியூயார்க் மாநிலத்துக்குப் பெயர்ந்தார்; அவருடைய பேரனும் ஜேம்ஸின் தந்தையுமான ஆப்ரம் இன்னும் மேற்கே ஓஹாயோ வரை போனார். தாய் எலைசா பல்லூவின் குலம் வேறு வகை. 1640களில் ரோடு ஐலண்டுக்கு வந்த மாட்டுரின் பல்லூவின் வழி அது; சமயப் போதகர்களும் ஏட்டுப் பழக்கம் உள்ளவர்களும் அதில் பலர். மகனுக்குப் படிப்பின் மேலிருந்த தீராத பசி தாய் வழியில் வந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

என்னை மிகவும் உலுக்கியது வேறொன்று. ஆப்ரம் சிறு குழந்தையாக இருந்தபோதே அவருடைய தந்தை தாமஸ் அம்மை கண்டு இறந்தார். அதே ஆப்ரம், தம் கடைசி மகன் ஜேம்சுக்கு ஒன்றரை வயதாகும்போது, 1833இல், காட்டுத்தீயை அணைக்கப் போராடிய களைப்பில் நோயுற்று மாண்டார். அடுத்தடுத்து இரண்டு தலைமுறைகளில் தந்தை முகம் நினைவில் தங்காத பிள்ளைகள். கிளீவ்லாந்துக்கு அருகே ஆரஞ்சு என்ற ஊரில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீட்டில், நான்கு குழந்தைகளோடு நின்ற எலைசா நிலத்தை முழுவதும் விட்டுவிடாமல் காத்தார்.

16 வயதில் ஜேம்ஸ் கால்வாய்ப் படகில் வேலைக்குச் சேர்ந்தார். கரையோரப் பாதையில் படகை இழுத்துச் செல்லும் விலங்குகளை ஓட்டும் வேலை. நீச்சல் தெரியாது, பதினான்கு முறை தண்ணீரில் விழுந்தார் என்பார்கள். ஆறு வாரங்களில் குளிர்காய்ச்சலோடு வீடு திரும்பினார். மீண்டும் படகுக்குப் போகவிடாமல், தாயும் அண்ணனும் சேர்த்து வைத்திருந்த 17 டாலரைக் கையில் கொடுத்துப் படிக்க அனுப்பினார்கள். அந்தப் படிப்பின் இடையில்தான் 1849ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், 18 வயதில், சோலன் என்ற சிற்றூரின் ஒற்றை அறைப் பள்ளியில் ஆசிரியரானார். சம்பளம் மாதம் 12 டாலர். சாப்பாடும் படுக்கையும் மாணவர் வீடுகளில் முறை வைத்து. முந்தைய ஆசிரியர்களை விரட்டிய முரட்டுப் பிள்ளைகள் நிறைந்த பள்ளி அது. போகத் தயங்கியவரிடம் அவருடைய சித்தப்பா, உள்ளே போகும்போது 'ஜிம்' என்ற பையனாகப் போகிறாய், வெளியே வரும்போது 'திரு. கார்ஃபீல்டு' என்ற வாத்தியாராக வா என்று சொல்லி அனுப்பியதாக ஒரு செய்தி உண்டு. முதல் நாள் வகுப்பில் கால் நடுங்க நின்ற நம் இருவருக்கும் அந்தச் சொல்லின் கனம் புரியும்.

பிறகு ஹைரம் கல்விக்கூடத்தில், கூட்டிப் பெருக்கி மணியடித்து அந்த உழைப்பைக் கட்டணமாகக் கழித்துப் படித்தார். சில ஆண்டுகளிலேயே அங்கே இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்து, 1857இல் அதன் தலைமையையும் ஏற்றார். 1859இல் ஓஹாயோ மாநில செனட், உள்நாட்டுப் போர், 1863 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை.

சபையில் அவர் செய்தவற்றுள் நான் முதலிடம் தருவது 1866இல் கொண்டுவந்த கல்வித் துறை மசோதாவுக்குத்தான். நாடெங்கும் பள்ளிகளின் நிலை என்ன என்ற விவரங்களைத் திரட்டி வெளியிட ஒரு துறை வேண்டும் என்பது அதன் சாரம். ஜூன் 8ஆம் நாள் 59க்கு 61 என்று தோற்றது. அவர் விடவில்லை, பதினொரு நாளில் மறுபரிசீலனைக்குக் கொண்டுவந்து 80க்கு 44 என்று வென்றார். 1867 மார்ச் 2ஆம் நாள் சட்டமானது. ஓர் ஆணையரும் மூன்று எழுத்தர்களும்தான் அந்தத் துறை. அதைக்கூட மறு ஆண்டே உள்துறையின் கீழ் ஒரு சிறு அலுவலகமாகச் சுருக்க முடிவு செய்தார்கள். 1870ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைச் சீர்படுத்த அவர் உழைத்த மசோதாவையும் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் கைவிட்டது. எத்தனை பேர் படிக்கவில்லை என்று எண்ணாமல் அவர்களைப் படிக்கவைக்க முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். கோடை வெயிலில் நாம் இருவரும் வீடு வீடாகப் பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுத்தோமே, செங்கல் சூளைக் குடிசைகளில் யார் பதிவேட்டிலும் இல்லாத ஒன்பது பிள்ளைகளைக் கண்டுபிடித்த அன்று தாங்கள் பேசாமல் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டீர்களே, அந்த நாள்தான் இதைப் படிக்கும்போது என் கண்முன் வந்தது.

அவர் மாசற்றவர் என்று சொல்லமாட்டேன். ரயில்வே ஊழலில் 329 டாலர் ஆதாயம் பெற்றார் என்ற குற்றச்சாட்டை அவர் மறுத்தார். ஆயினும் தேர்தல் களம் வரை அது அவரைத் துரத்தியது.

இனித் தங்கள் பேரனுக்கு. 1876இல், சக உறுப்பினர்களோடு கணக்குப் பேசிக்கொண்டிருந்தபோது பிறந்ததென்று சொல்லி, அவர் பிதாகரஸ் தேற்றத்துக்கு ஒரு நிரூபணத்தைக் கல்வி இதழ் ஒன்றில் வெளியிட்டார். ஒரே அளவுள்ள இரண்டு செங்கோண முக்கோணங்களை அட்டையில் வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்றைப் படுக்கவும் மற்றதை நிற்கவும் வைத்து, அடிப்பக்கங்கள் ஒரே கோட்டில் அமையும்படி முனையோடு முனை சேர்த்து, மேல் முனைகளை ஒரு கோட்டால் இணைத்தால் சரிவகம் கிடைக்கும். நடுவில் இரண்டு கர்ணங்களுக்கு இடையே மூன்றாவதாக ஒரு செங்கோண முக்கோணம் தானே உருவாகியிருக்கும். சரிவகத்தின் பரப்பை ஒருமுறை சூத்திரத்தால் காணட்டும். மறுமுறை மூன்று முக்கோணங்களின் பரப்பையும் கூட்டட்டும். இரண்டையும் சமன்படுத்தினால் தேற்றம் அவன் கையிலேயே வந்து நிற்கும். நடுக்கோணம் ஏன் 90 பாகை என்பதை மட்டும் தாங்கள் சொல்லிவிடாதீர்கள், அவனே கண்டுபிடிக்கட்டும்.

1881 மார்ச் 4ஆம் நாள் கார்ஃபீல்டு பதவியேற்றபோது எலைசா மேடையில் இருந்தார். மகன் அதிபராவதை நேரில் கண்ட முதல் தாய் அவரே. உறுதிமொழி எடுத்ததும் மகன் திரும்பித் தாயை முத்தமிட்டார். அந்த மகனை அடக்கம் செய்த பின்னும் அவர் 1888 வரை உயிரோடு இருந்தார்.

பேரன் சரிவகத்தைப் பிடித்துக்கொண்டானா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அவன் வரைந்த தாளையும் மடித்து வைத்து அனுப்புங்கள்.

தங்கள் அன்புள்ள,
பழைய கணக்கு வாத்தியார்