எரிசக்தி அமைச்சுக்கு மன்னார்த் தீவிலிருந்து ஒரு மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

காற்றாலை வேண்டாம் என்கிறவர்கள் இருட்டில் இருக்கட்டும் என்று சிலர் எங்களைப் பார்த்துச் சொல்கிறார்கள். 2022 இல் மணிக்கணக்காகக் கரண்ட் நின்றபோது நாங்களும் விளக்குக் கொளுத்திக்கொண்டுதான் இருந்தோம். சோளகம் என்கிற தென்மேல் காற்று கிளம்பினால் இந்தத் தீவில் குடை பிடிக்க முடியாது. அந்தக் காற்றில் மின்சாரம் எடுக்கலாம் என்பதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தெற்குக் கரையில் 2020 டிசம்பரிலேயே 30 காற்றாலைகள் வந்துவிட்டன, 103.5 மெகாவாட். பிறகு அதானியின் 484 மெகாவாட் திட்டம், பூநகரியையும் சேர்த்து. அது 2025 பெப்ரவரியில் கைவிடப்பட்டது. அப்பாடா என்றிருந்தோம். ஓகஸ்டில் வேறு திட்டங்களுக்காக இறக்கைகளை ஏற்றிய லொறிகள் வர, சனம் ரோட்டில் இறங்கியது. ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்தச் சொன்னார். செப்டெம்பரில் பொலிஸ் காவலோடு பாகங்கள் வந்தன.

எங்கள் முறைப்பாடு மழைத்தண்ணீரைப் பற்றியது. இந்தத் தீவு தட்டம்போலத் தட்டை. கார்த்திகை மழை பெய்தால் தண்ணீர் மெல்ல மெல்லத்தான் கடலுக்குப் போகும், அதுவும் பள்ளம் இருந்தால். கிரேன் போக மண் போட்டு உயர்த்துகிற ஒவ்வொரு பாதையும் ஓர் அணைதான். போன மாரியில் எங்கள் வளவுக்குள் வந்த தண்ணீர், கோழிக்கூட்டின் இரண்டாம் தட்டு வரை நின்றது. வற்றுவதற்குள் கிணறு கலங்கிவிட்டது. மணலுக்கு அடியில் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகக் கிடக்கிற நன்னீரைத்தான் இங்கே குடிக்கிறோம். அதைத் தோண்டிப் பார்க்காமல் அத்திவாரம் தோண்டுவது எப்படி?

மற்றது, கரைவலைக்காரரின் பாடு. எந்த இடத்தில் யார் வலை வளைப்பது என்பது தலைமுறையாக வந்த ஒழுங்கு. உங்கள் வரைபடத்தில் அந்த இடமெல்லாம் வெறும் மணல்.

ஒருமுறை கூட்டம் ஒன்றுக்குப் போனேன். சுவரில் படம் ஓடியது, அத்தனையும் இங்கிலிஷில். பக்கத்தில் இருந்த ஐயா, "தம்பி, என்ன சொல்லினம்?" என்று கேட்டார். எனக்கும் பாதிதான் விளங்கியது. கையெழுத்துப் புத்தகம் மட்டும் தமிழில் இருந்தது. அந்தக் கையெழுத்துகளைத்தான் பிறகு 'மக்களின் சம்மதம்' என்றார்கள்.

ஆகவே கேட்பது இதுதான். பாதை போட முதல் வாய்க்கால் வெட்டுங்கள். கிணற்று நீரை மாரியிலும் கோடையிலும் அளந்து, கணக்கைத் தமிழில் கிராம அலுவலரின் கந்தோரில் ஒட்டுங்கள். வன்னிப் பெருநிலத்தின் கரைகளிலும் காற்று அடிக்கிறது, அங்குள்ளவர்களையும் முதலில் கேட்டுவிட்டு, அதையும் பாருங்கள்.

அடுத்த கூட்டத்தைக் கார்த்திகையில் எங்கள் ஊரிலேயே வையுங்கள். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். தேத்தண்ணி நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
மன்னார்த் தீவில் குடியிருக்கும் ஒருவன்