மெய்ப்பித்தவர் பெயரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் சுவிஸ் மொழியியலாளர் சொசூர் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். அவர் இளம் வயதில் சொன்ன ஊகம் ‘பிற்காலத்தில் மெய்ப்பிக்கப்பட்டது’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். மெய்ப்பித்தவர் யெஜி குரிவோவிச் என்ற போலந்து அறிஞர். கல்லூரியில் ஒப்பியல் மொழியியல் நடத்தியவள் நான். அந்தப் பெயர் விடுபட்டதைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

வடமொழி, கிரேக்கம் முதலியவற்றுக்குத் தாயான மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் சில ஒலிகள் இருந்து, பக்கத்து உயிரெழுத்தை மாற்றிவிட்டு மறைந்திருக்க வேண்டும் என்பது 1879இல் வெளிவந்த சொசூரின் கணிப்பு. அன்று ஆராயப்பட்ட எந்த மொழியிலும் அவை நேரடியாக இல்லாததால், பலர் அதை ஏற்கவில்லை. 1915இல் செக் அறிஞர் ஹிரோஸ்னி, இன்றைய துருக்கியில் வழங்கி அழிந்த, அதே குடும்பத்து ஹிட்டைட் மொழியின் களிமண் பலகைகளைப் படித்துக் காட்டினார். 1927இல் குரிவோவிச், சொசூர் எதிர்பார்த்த இடங்களில் அந்தப் பலகைகளில் ‘ஹ’ போன்ற ஓர் ஒலி எழுதப்பட்டிருப்பதை எடுத்துக் காட்டினார். எலும்பைக் குறிக்கும் வடமொழி ‘அஸ்தி’ நமக்குப் பழக்கமான சொல். கிரேக்கத்தில் ‘ஒஸ்தியோன்’. இரண்டும் உயிரில் தொடங்குகின்றன. ஹிட்டைட்டிலோ ‘ஹஸ்தாய்’! மாணவர்களுக்கு இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போதெல்லாம் எனக்கே சிலிர்க்கும்.

எதிர்பார்த்த எல்லா இடத்திலும் ‘ஹ’ கிடைக்கவில்லை என்பதும் உண்மை. மறைந்தது ஓர் ஒலியல்ல, பல. அவற்றில் சில ஹிட்டைட்டிலும் அழிந்துவிட்டன என்று குரிவோவிச் விளக்கம் தந்தார். அவை எத்தனை என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

குரிவோவிச் 1895இல் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் ஸ்தானிஸ்வாவூஃப் நகரில் பிறந்தவர். அந்த ஊர் இன்று உக்ரைனில் இருக்கிறது. பாரிசில் பிரெஞ்சு மொழியியலாளர் மெய்யேவிடம் படித்து, அன்று போலந்திலிருந்த லுவூஃப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் லுவூஃப் சோவியத் வசமானது. அவர் போலந்தின் விரோத்ஸ்வாஃபுக்கும், பின்னர் கிராக்கூஃபின் யாகியெலோனியப் பல்கலைக்கழகத்துக்கும் போனார். பிறந்த ஊரும் பணியாற்றிய ஊரும் எல்லைக்கு அப்பால் போய்விட்ட ஒருவர், 1949இல் சொல் வடிவங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று மாறுவதற்கு ஆறு விதிகள் வகுத்தார். 1956இல் இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் உயிரெழுத்து மாற்றம் பற்றியும், 1961இல் அரபு, ஹீப்ரு போன்ற செமிட்டிக் மொழிகளின் உயிரெழுத்து மாற்றம் பற்றியும் நூல்கள் வெளியிட்டார். 1978இல் கிராக்கூஃபில் காலமானார்.

இவரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். அதில் ஹிட்டைட் பலகையின் படத்தையும் சேருங்கள். கல்லூரி மாணவர்கள் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மொழியியல் பேராசிரியை