உயிரோடு இருந்துகொண்டே எழுதும் நன்றி மடல்

நம் ஊரில் நன்றி மடல் என்றால் ஒருவர் இறந்த 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு, கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சடிப்பது. மலர்வளையம் வைத்தோர், பந்தல் போட்டோர், தொலைபேசியில் துயர் பகிர்ந்தோர் என்று ஒரு வரிசை வரும். என் படத்துக்குப் பின்னால் அப்படியொரு பக்கம் வரவேண்டிய நேரத்தில் நானே உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

திருகோணமலையில் 18 ஆண்டுகள் வாள் தீட்டினேன். தச்சுப் பட்டறைகளில் ஓடும் வட்டவாள்கள், பல்லின் நுனியில் கார்பைட் வைத்தவை. தீட்டும்போது பறக்கும் தூள் கோதுமை மாவைவிட மென்மையானது. தும்மினால் கைக்குட்டை சாம்பல் நிறமாகும். மாலையில் நாக்கில் காசைச் சப்பியது போல ஒரு சுவை நிற்கும். மனைவி என் சட்டையை ஊறப்போடுமுன் கிணற்றடியில் நன்றாக உதறுவாள். அவளும் அதைச் சுவாசித்திருக்கிறாள் என்பது பின்னால்தான் உறைத்தது.

இருமல் தொடங்கி மூன்று ஆண்டுகள் முட்டு வருத்தம் (ஆஸ்துமா) என்றே மருந்து எடுத்தேன். சளியைச் சோதித்துக் காசநோய் இல்லை என்றார்கள். அதோடு எல்லோருக்கும் நிம்மதி. இந்த மடலில் யாரையும் குறை சொல்வதில்லை என்றுதான் பேனாவை எடுத்தேன், ஆனாலும் ஒன்றை விழுங்க முடியவில்லை. அந்த மருந்துச் சீட்டுகளை இன்னும் வைத்திருக்கிறேன். வயது இருக்கிறது, எடை இருக்கிறது. தொழில் ஒன்றில்கூட இல்லை.

அதைக் கேட்ட இளம் வைத்தியருக்கே முதல் நன்றி. “என்ன வேலை?” என்றார். வாள் தீட்டுகிறேன் என்றேன். “வாளின் பல்லில் என்ன உலோகம்?” எனக்குத் தெரியவில்லை. பொங்கலுக்குக் கடை பூட்டியிருந்த நாட்களில் இருமல் குறைந்ததா என்றும் கேட்டார். குறைந்திருந்தது. அதை ஒருவரும் அதுவரை கேட்டதில்லை, எனக்கும் சொல்லத் தோன்றியதில்லை.

அடுத்த நன்றி பட்டறைத் தம்பிக்கு. தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும் பின்பக்கத்துக் குப்பையைக் கிளறி, வாள் வந்த பழைய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, மழையில் சைக்கிளில் கொண்டுவந்தான். ஒரு மூலையைக் கறையான் தின்றிருந்தது. ‘டங்ஸ்டன் கார்பைட்’ என்ற எழுத்தைக் கறையான் விட்டுவைத்திருந்தது. அந்தத் துகள்களை ஒன்றாகப் பிடித்துவைக்கும் பசை கோபால்ட் என்றும், நுரையீரலுக்குப் பெரும்பாலும் வினையாவது அதுதான் என்றும் வைத்தியர் விளக்கினார். ஒரே பட்டறையில் ஒரே தூளைக் குடித்த எல்லோருக்கும் இது வருவதில்லையாம். கடின உலோக நுரையீரல் நோய் என்று பெயராம்; 1940இலேயே ஜெர்மனியில் இதைப் பற்றி எழுதிவிட்டார்களாம். எங்கள் பட்டறைக்கு அந்தச் செய்தி வந்துசேர இத்தனை காலம்!

வெலிசறைச் சுவாச நோய் வைத்தியசாலைக்கு இரவு ரயிலில் கூட்டிப்போன மச்சானுக்கு நன்றி. என்னால் சாய்ந்து படுக்க முடியாது. இறங்கவேண்டிய ராகம நிலையம் வரைக்கும் அவர் தோள்தான் எனக்குத் தலையணை. எனக்குத் தெரிந்த சிங்களம் சந்தைக்குப் போதும், நுரையீரலுக்குப் போதாது. பக்கத்துக் கட்டில் கந்தளாய்ப் பெரியவர், தானும் மூச்சு வாங்கிக்கொண்டே, வைத்தியர் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னார். குழாய் விட்டு நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் பல கருக்கள் உள்ள பெரிய உயிர்க்கலங்கள் (செல்கள்) இருந்தனவாம், மற்றக் கலங்களை விழுங்கியபடி. “உன் நெஞ்சுக்குள் முதலை வளர்கிறது” என்று மொழிபெயர்த்தார். வைத்தியர் முதலை என்று சொல்லியிருக்கமாட்டார்.

அன்றோடு வாளைத் தொடவில்லை. பிரட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு குளிசையில் முகம் பூசணிக்காயாக ஊதியது, ஆனால் மூச்சு திரும்பியது. தழும்பாகிப்போன பகுதி மட்டும் திரும்பாது. சென்ற கிழமை கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு நடந்தேன். இரண்டு இடத்தில் நின்றேன். மான்களைப் பார்ப்பவன் போல நின்றேன்.

முதலாளிக்கு நன்றியும் உண்டு, கணக்கும் உண்டு. பயணச் செலவைத் தந்தார், இப்போது தூள் உறிஞ்சும் இயந்திரமும் வாங்கியிருக்கிறார். வாய்க்குக் கட்ட ஏதாவது வாங்கித் தாருங்கள் என்று நான் கேட்டபோது சிரித்தவரும் அவர்தான். தொழிலால் வரும் நோய்க்கும் நட்டஈடு உண்டென 1934ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதைச் சொல்லி, படிவத்தை நிரப்பித் தந்த அயல்வீட்டு ஆசிரியை அக்காவுக்கு நன்றி. தம்பிமாரே, மேசையைக் கம்பிரசர் காற்றால் ஊதித் துப்புரவாக்குவதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். தூள் போவது வெளியே அல்ல.

கடைசியாக, கிண்ணியா நானா. நான் படுத்திருந்த மாதங்களில் கிழமைக்கு ஒரு சட்டி தயிர் தவறாமல் வந்தது, காசு கேட்டால் கோபமும் வந்தது. சட்டிகளைத் திருப்பித் தரலாம் என்றிருந்தேன். மன்னிக்கவேண்டும், மனைவி எல்லாவற்றிலும் கற்றாழை நட்டுவிட்டாள்.