பேர்மிங்ஹாமில் இருக்கும் மகளுக்கு

கொக்குவில்

அன்பு மகளுக்கு,

புது வேலை பிடித்துக்கொண்டது என்று கொம்மாவிடம் சொன்னாயாம், சந்தோஷம். ஆனால் "பேர்மிங்ஹாமில் பார்க்கிறதுக்கு ஒண்டுமில்லை அப்பா, மழையும் ரோட்டும்தான்" என்று என்னிடம் சொன்னாய் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை. ஹெவி மெற்றல் என்கிற கனத்த கிற்றார் இசை பிறந்த ஊரில் இருந்துகொண்டு கதைக்கிற கதையா இது?

முதல் லீவு நாளிலேயே புரோட் ஸ்ரீற்றுக்குப் போ. கால்வாய்க்கு மேலே ஒரு பாலம் இருக்கிறது, அந்த இசையைத் தொடக்கிய குழுவின் பெயரால் பிளாக் சபாத் பாலம் என்றே அதற்குப் பெயர். 2019இல் அங்கே ஒரு வாங்கு போட்டு அந்தக் குழுவின் நால்வரின் முகங்களையும் வைத்தார்கள். 2025 ஜூலை 5ஆம் திகதி உங்கள் ஊர் வில்லா பார்க் மைதானத்தில் அவர்களின் கடைசிக் கச்சேரி. ஓஸி ஒஸ்போர்ன் சிம்மாசனம் மாதிரியான கதிரையில் இருந்தபடியே பாடினார். ஜூலை 22இல் ஆள் போய்விட்டார். அந்த வாங்கைச் சுற்றிச் சனம் பூ வைத்ததைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். கொம்மா வந்து "ஆர் செத்தது?" என்று கேட்டா. சொன்னேன். "அந்த வௌவாலைக் கடிச்ச ஆளோ" என்றா. அவவுக்குத் தெரிந்தது அவ்வளவும்தான்.

எனக்கு ஓஸியைவிட அவர்களின் கிற்றார்காரன் டோனி ஐயோமிதான் பெரிய ஆள். பதினேழு வயதில் உங்கள் ஊர்த் தகரத் தொழிற்சாலை ஒன்றில் மெஷினுக்குள் கை அகப்பட்டு, வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. இடக்கைக்காரன் என்பதால் தந்தியை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்கு மூடி செய்து மாட்டினான். மெல்லிய தந்தி போட்டான், பிறகு அதையும் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கினான். அந்தக் கனத்த சத்தத்துக்குப் பின்னால் வெட்டுப்பட்ட இரண்டு விரல்கள் இருக்கின்றன பிள்ளை.

1970இல் வந்த அவர்களின் முதல் இசைத்தட்டை, அநேகமாக முழுவதையும், ஒரே நாளில் பதிவு செய்தார்கள். அதன் முதல் பாட்டில் மழை, மணி, பிறகு மூன்றே மூன்று சுரங்கள்: சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம். அந்த இடைவெளியை வெள்ளைக்காரன் பிசாசின் இடைவெளி என்கிறான். எங்களுக்கோ அது கல்யாணி ராகத்தின் மத்திமம். நல்லூர் வீதியில் நாதஸ்வரக்காரர் கல்யாணி வாசிக்கும்போது அதே சுரத்தைத்தான் கையெடுத்துக் கும்பிட்டபடி கேட்கிறோம். அதனால்தானோ என்னவோ, அந்தப் பாட்டு என்னை ஒருநாளும் பயமுறுத்தவில்லை.

"எப்பிடியப்பா இந்த இரைச்சலைக் கேக்கிறியள்" என்று நீ சின்னனிலிருந்தே கேட்கிறாய். இரைச்சல் எங்கே இருக்கிறது தெரியுமா? பின்னேரம் ஆறு மணிக்கு மேல் எங்கள் வீட்டு முன் அறையில், கொம்மா பார்க்கிற ரீவி நாடகத்தில். மருமகள் தேத்தண்ணி கொண்டு வருகிறாள். டமார். மாமி திரும்பிப் பார்க்கிறா. டமார். ஒவ்வொரு முகமாகக் காட்டி முடிக்க விளம்பரம் வந்துவிடும். ஒன்றும் நடக்கவில்லை என்பதை மறைக்கத்தான் அந்தச் சத்தம். 'கோலங்கள்' 2003இல் தொடங்கி 2009 வரை 1533 பகுதி ஓடியது. கொம்மா ஒன்றையும் விடவில்லை. அதை எடுத்த அதே திருச்செல்வத்தின் 'எதிர்நீச்ச'லில் நடித்த மாரிமுத்து மட்டும் விதிவிலக்கு. அந்த மனுசன் வாயைத் திறந்தால் பின்னணி இசையே தேவைப்படவில்லை. 2023 செப்டெம்பரில் அவர் இறந்த பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை, கொம்மா போனா.

நாடகமே கூடாது என்று சொல்லவில்லை. 'செர்னோபில்' பார்த்தாயா? அணு உலை வெடித்த கதை, ஐந்தே பகுதி. அதற்கு இசை செய்த ஹில்டுர் குட்னடோற்றிர் லித்துவேனியாவில் மூடப்பட்ட அணுமின் நிலையம் ஒன்றுக்குள் போய், அங்கிருந்த சத்தங்களைப் பதிந்து வந்து அதிலேயே இசையைக் கட்டினார். கதவும் குழாயும்தான் அங்கே வாத்தியம். பெரிய வெடிப்பைவிட அந்த முனகல்தான் நித்திரையைக் கெடுக்கும்.

சினிமாவில் எனக்கு அதே இடத்தில் நிற்பது எங்கள் மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). பாட்டே கிடையாது. சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டைத் தனியப் பார்க்கப் போய்ச் சுவரைத் தடவுவார். இப்போதைய படக்காரர் என்றால் அந்த இடத்தில் நூறு வயலினை அவிழ்த்து விட்டிருப்பார்.

கரண்ட் இல்லாத தொண்ணூறுகளில் மெற்றாலிக்கா குழுவின் 'வன்' பாட்டை நாங்கள் கேட்ட விதத்தை உனக்குச் சொன்னேனோ தெரியாது. கொழும்பிலிருந்து முந்தி வந்த கசெற். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து ரேப்புக்கு வயர் கொடுத்து, ஒருவன் பெடலைக் கையால் சுற்றுவான். அவன் களைத்தால் பாட்டும் களைக்கும், பாடகன் ஹெற்ஃபீல்டின் குரல் கிழவன் குரலாகும். அந்தப் பாட்டு வெடிச் சத்தத்தோடு தொடங்கும். முதல் நாள் உன் அப்பம்மா அதைக் கேட்டுச் செபமாலையும் கையுமாகப் பங்கருக்குள் இறங்கிவிட்டா. கையும் காலும் போன ஒரு படைவீரனின் பாட்டு என்று பிறகு விளக்கினோம். "அதுக்கு ஏன் பாட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனால் பாக்கலாம்தானே" என்றா. அந்தப் பாட்டு வந்த இசைத்தட்டில், கீழ்ச் சுரம் வாசிக்கிற பேஸ் கிற்றார் கேட்பதே இல்லை என்று ரசிகர்கள் 1988இலிருந்து புலம்புகிறார்கள். எங்கள் ரேப்பில் எந்தப் பாட்டிலும் பேஸ் கேட்டதில்லை, அதனால் எங்களுக்குக் குறை தெரியவில்லை.

சரி. அந்த வாங்கில் இருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு, ஐயோமியின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது நல்லதொரு ஹெட்போன் வாங்கி வா. எனக்கில்லை, கொம்மாவுக்கு.

அன்புடன்,
அப்பா