ஓலை வாசிக்கும் முன் பிள்ளையின் வயதைப் பாருங்கள்: ஆயர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயர்மார்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துச் சபைகளில் என்ன நடக்கிறது என்பது உங்களில் யாருக்கும் புதிதல்ல. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு கல்யாண ஓலைகள், அதாவது திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகளில் ஆலயத்தில் வாசிக்கிற அறிவிப்புகள், வரத் தொடங்குவதை நீங்களும் பார்க்கிறீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஓலை வாசிக்கும் முன் பெண்ணின் வயதைப் பாருங்கள். பள்ளிச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்க்காமல் மூன்று ஞாயிறுகளில் ஒன்றில்கூட அந்தப் பெயரை வாசிக்காதீர்கள். இந்த மடலில் நான் கேட்பது இவ்வளவே.

எங்கள் சபைப் பிள்ளை ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன். 2009ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான்தான் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். அப்போது இந்த வட்டாரத்தில் உதவி ஆயராக இருந்தேன். பிறகு மாற்றலில் பல ஊர்களுக்குப் போய்விட்டு மறுபடியும் இங்கேயே வந்து சேர்ந்தேன். நான்கு மாதக் குழந்தையாகக் கையில் ஏந்திய பிள்ளை, திருவிருந்து எடுக்கப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பத்தாம் வகுப்புக் கணக்கில் 91 வாங்கினாள். தேர்வு முடிவு வந்த அதே மே மாதத்தில் அவளுடைய தகப்பனும் எங்கள் கமிட்டியார் இருவரும் ஓலைக் கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார்கள். பதிவேட்டைத் திறந்து காட்டினேன். பதினாறுகூட நிறையவில்லை. முடியாது என்றேன். தேநீரைத் தொடாமல் எழுந்து போனார்கள்.

இரண்டு வாரம் கழித்து எல்லைக்கு அப்பால் வேறொரு சபையில் திருமணம் நடந்து முடிந்தது. நான் கையெழுத்திட மறுத்த சபைக் கடிதத்தில் வேறொரு கை கையெழுத்திட்டிருந்தது. அந்தச் சபையின் திருமணப் பதிவேட்டில் அவளுக்கு வயது பதினெட்டு. எங்கள் ஞானஸ்நானப் பதிவேட்டில் அவளுக்கு வயது பதினைந்து. இரண்டும் ஆலயத்துக்குள் பூட்டி வைத்திருக்கிற புத்தகங்கள். இரண்டிலும் ஓர் ஆயரின் கையெழுத்து இருக்கிறது. சந்தையில் தராசு பொய் சொன்னால் நாம் பிரசங்கத்தில் கண்டிக்கிறோமே, ஐயா!

கிறிஸ்துமஸ் சமயத்தில் நானும் என் மனைவியும் அவளைப் பார்க்கப் போனோம். கதவுக்குப் பின்னால் நின்றாள். வயிறு தெரிந்தது. ஆறாவது மாதமாம். ஆனால் அதுவரை எந்த மருத்துவரும் அவளைப் பார்த்திருக்கவில்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்யப் போனால் ஆதார் அட்டை கேட்பார்கள், வயது வெளியே வரும், தன் மகன்மேல் போக்சோ வழக்கு விழும் என்று மாமியார் பயந்தார். கிராமச் செவிலியரின் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், பெண்ணைப் பின்வாசல் வழியாகக் கேழ்வரகுக் கொல்லைக்கு அனுப்பிவிடுவார்களாம். இரும்புச்சத்து மாத்திரை இல்லை, தடுப்பூசி இல்லை, ஸ்கேன் இல்லை. ஏழைத் தாய்மார்களுக்கு அரசு தருகிற மகப்பேறு உதவி 18,000 ரூபாய் பெண்களின் திருமண வயதை உயர்த்தப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில்தான் இருக்கிறது. அதையும் இந்தப் பிள்ளையால் போய்க் கேட்க முடியாது. குற்றம் செய்தவர்கள் எல்லாரும் வெளியே நடமாடுகிறார்கள். கொல்லையில் ஒளிந்து நிற்பவள் அவள்.

புறப்படும்போது என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “ஐயரம்மா, திடப்படுத்தல் வகுப்பில் என் பெயரை அடித்துவிட்டீர்களா?”

அன்று வீடு வந்து சேரும்வரை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் மகளும் பிளஸ் ஒன் படிக்கிறாள். வாசலில் உட்கார்ந்து வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் என் மனைவி போய், மாமியாரிடம் மன்றாடி, அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார். என் தவறையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மே மாதத்தில் அந்த ஓலைக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்த அன்றே நான் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்திருக்க வேண்டும். நான் மறுத்துவிட்டேன், அது போதும் என்று இருந்துவிட்டேன். போதவில்லை.

நீங்கள் சொல்லும் பதில்களை நான் அறிவேன். தகப்பன் சம்மதம் இருக்கிறதே என்பீர்கள். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 21 நிறையாதவர்களுக்குத் தகப்பனின் சம்மதம் வேண்டும் என்கிறது, உண்மைதான். அந்தச் சம்மதம் பிள்ளைக்கு வயதைக் கூட்டித் தராது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்பது 1978ஆம் ஆண்டிலேயே வந்துவிட்ட சட்டம். 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, குழந்தைத் திருமணத்தை நடத்திவைப்பவருக்கு 2 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. அங்கியைப் போட்டுக்கொண்டு நடத்திவைத்தாலும் அதே தண்டனைதான்.

இயேசுவின் தாய் மரியாளுக்கு நிச்சயமானபோது என்ன வயது என்று ஒரு மூப்பர் என்னிடம் கேட்டார். வேதத்தில் எங்கேயும் மரியாளின் வயது எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருப்பது யவீருவின் மகளுடைய வயது. பன்னிரண்டு. செத்துப்போனாள் என்று எல்லாரும் கைவிட்ட பிள்ளையின் கையைப் பிடித்து ஆண்டவர் எழுப்பினார். எழுப்பியவர் அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அவர் செய்தது அது.

பெற்றோரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழை பொய்த்தால் கணவனும் மனைவியும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். வயதுக்கு வந்த பெண்ணைக் கிழவியிடம் விட்டுப் போகப் பயம். மேல்நிலைப் பள்ளியோ தூரம். காலை பஸ்ஸைத் தவறவிட்டால் யானை நடமாடும் பாதையில் நடக்க வேண்டும். கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். மிஷன் காலத்தில் இதற்கு ஒரு பதில் இருந்தது. பெண்பிள்ளைகளுக்குப் போர்டிங் வைத்தார்கள். என் அம்மா அப்படி ஒரு போர்டிங்கில் தங்கிப் படித்து ஆசிரியையானவர். அந்தப் படிப்பு இல்லாவிட்டால் அவரையும் பதினைந்தில் கட்டிக் கொடுத்திருப்பார்கள், நான் இந்த மடலை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். இன்று அந்த விடுதிக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. ஆனால் கோபுர நிதி என்று அறிவித்த ஞாயிறு எங்கள் சபையிலேயே எத்தனை கைகள் உயர்ந்தன! பெண்பிள்ளைகளுக்கு விடுதி என்று நான் சொன்ன ஞாயிறு எல்லாத் தலைகளும் குனிந்தன. கல்லுக்குக் கொடுக்க இருக்கிறது, கணக்கில் 91 வாங்கிய பிள்ளைக்குக் கொடுக்க இல்லையா?

இந்த மாவட்டத்துக்கு ஒரு பழைய பழி உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. கிருஷ்ணகிரி அன்று அந்த மாவட்டத்துக்குள் இருந்தது. அந்த நாட்களில் இங்கே ஊர் ஊராகப் போய், பெண் குழந்தை தேவன் தந்தது என்று நாமே பிரசங்கம் செய்தோம். பிழைக்கவைத்த பிள்ளைகளைப் பதினைந்து வயதில் கைகழுவவா அவ்வளவும் பேசினோம்?

கோபம் மிஞ்சிவிட்டது, மன்னியுங்கள். உங்களில் பலர் எனக்கு மூத்தவர்கள். எனக்கு வேதம் கற்றுத் தந்தவர்களும் இதைப் படிப்பீர்கள். பணிந்து கேட்கிறேன். ஓலை வாசிக்கும் முன் வயதைப் பாருங்கள். வேறு சபையிலிருந்து கடிதம் வந்தால், அந்தச் சபை ஆயரைத் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மறுத்து அனுப்புகிறவர்கள், அந்தக் குடும்பம் எங்கே போகிறது என்று பாருங்கள், 1098க்குச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் சேருகிற அரசுப் பள்ளி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது என்று அந்தத் தகப்பனிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

அவள் பெயரை நான் அடிக்கவில்லை. பிரசவம் முடிந்து உடம்பு தேறியபின் வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

மே மாதம் வருகிறது. எங்கோ ஒரு சபையில் இன்னொரு தகப்பன் ஓலைக் கடிதத்தோடு வந்து உட்காருவார். ஐயா, தயவுசெய்து, முதலில் அந்தப் பிள்ளையின் பள்ளிச் சான்றிதழைக் கேளுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
தேன்கனிக்கோட்டை வட்டத்துக் கிராமச் சபை ஆயர் ஒருவர்