இளம் பிட்சரின் பெயரோடு ஐந்து எண்களையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 ஒக்டோபர் இறுதியில் தொடங்கிய உலகத் தொடரில், அதாவது வட அமெரிக்க பேஸ்போலின் உச்ச நிலையான மேஜர் லீக்கின் இறுதித் தொடரில், ரொறன்ரோ புளூ ஜேஸ் அணி ஏழாவது ஆட்டம் வரை போய் நவம்பர் தொடக்கத்தில் தோற்றது. ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் உறவுகள் உள்ள வன்னிக் குடும்பங்களில் அந்த நாட்களில் பேஸ்போல் பேச்சு வராத தொலைபேசி அழைப்பு குறைவு. அதன் பிறகு உங்கள் விளையாட்டுப் பக்கத்திலும் அந்த அணியின் மைனர் லீக் (மேஜர் லீக்குக்கு வீரர்களைத் தயார்படுத்தும் கீழ்நிலை லீக்குகள்) பிட்சர்களை, அதாவது பந்து எறிபவர்களைப் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது. மனமார வரவேற்கிறோம். ஆனால் "ஐந்து இன்னிங்ஸ், ஓட்டமே கொடுக்கவில்லை, அடுத்த நட்சத்திரம் தயார்" என்பதோடு செய்தி நின்றுவிடுகிறது. மைனர் லீக்கில் ஓட்டக் கணக்கை மட்டும் பார்த்து ஒரு பிள்ளையை எடைபோட முடியாது. பெயரோடு ஐந்து எண்கள் வேண்டும்: வயது, சந்தித்த துடுப்பாட்டக்காரர்களின் எண்ணிக்கை, ஸ்ட்ரைக்அவுட் (களத்தடுப்பின் துணையின்றிப் பந்தாலேயே ஆட்டமிழக்கச் செய்தது), வோக் (எல்லைக்கு வெளியே நான்கு பந்து எறிந்து முதற்தளத்தை இலவசமாகக் கொடுத்தது), எறிந்த பந்துகள். ஐந்தும் ஒரே வரியில் அடங்கிவிடும்.

புளூ ஜேஸுக்குக் கீழே பருவம் முழுவதும் ஆடுகிற நான்கு அணிகள் உண்டு. புளோரிடாவில் டனீடன் சிங்கிள்-ஏ; அதற்கு மேல் வன்கூவர் ஹை-ஏ; பிறகு நியூ ஹம்ஷயர் டபிள்-ஏ; எல்லாவற்றுக்கும் மேலே பஃபலோ டிரிப்பிள்-ஏ. டனீடனுக்கும் கீழே புளோரிடாவிலும் டொமினிக்கன் குடியரசிலும் தொடக்கநிலை அணிகள் இருக்கின்றன. செய்தியில் "மைனர் லீக்கில்" என்று பொதுவாக எழுதாமல் எந்த அணி என்று எழுதினாலே வாசகருக்குப் பாதி விளங்கிவிடும். மீதியை வயது சொல்லும். டபிள்-ஏயில் ஆடுபவர்களில் பெரும்பகுதி 22 முதல் 25 வயதுக்காரர். அங்கே 20 வயதுப் பிட்சர் சராசரியாக எறிந்தாலே அது பெரிய செய்தி. 26 வயதுக்காரர் அதே இடத்தில் பிரமாதமாக எறிந்தாலும் கொஞ்சம் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இனி ஓர் ஆட்ட வரியை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு, ஒரு பிட்சர் ஐந்து இன்னிங்ஸ் எறிந்து 6 ஹிட் (துடுப்பாட்டக்காரர் அடித்துத் தளம் சேர்ந்தவை), 4 ஓட்டம், 1 வோக், 9 ஸ்ட்ரைக்அவுட். பந்துகள் 84, அதில் ஸ்ட்ரைக் (எல்லைக்குள் வந்த, அல்லது துடுப்பாட்டக்காரர் மட்டையை வீசிய பந்து) 57. இன்னொருவர் அதே ஐந்து இன்னிங்ஸில் 2 ஹிட், ஓட்டம் இல்லை, 4 வோக், 3 ஸ்ட்ரைக்அவுட். பந்துகள் 88, ஸ்ட்ரைக் 47. உங்கள் பக்கத்தில் இரண்டாமவருக்குத்தான் தலைப்புக் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலாமவர் சந்தித்தது சுமார் 22 பேர். அதில் 41 வீதம் ஸ்ட்ரைக்அவுட், 5 வீதத்துக்கும் குறைவாக வோக். எறிந்த பந்தில் 68 வீதம் ஸ்ட்ரைக். இரண்டாமவர் சந்தித்தது சுமார் 21 பேர். ஸ்ட்ரைக்அவுட் 14 வீதம், வோக் 19 வீதம், ஸ்ட்ரைக் 53 வீதம். மேஜர் லீக்கில் இப்போது ஸ்ட்ரைக்அவுட் ஏறக்குறைய 22 வீதம், வோக் 8 வீதம், ஸ்ட்ரைக் 63, 64 வீதம் என்ற அளவில் நிற்கிறது. முதலாமவர் கொடுத்த நான்கு ஓட்டம் களத்தடுப்பின் பிழையாலும் இரண்டு பந்து இடைவெளியில் விழுந்ததாலும் வந்திருக்கலாம். இரண்டாமவரின் அந்தப் பூச்சியம் அடுத்த வாரமே உடையக்கூடியது.

ஓர் ஆட்டத்தை வைத்து இதையும் முடிவாகச் சொல்லக் கூடாது. 150, 200 துடுப்பாட்டக்காரரைச் சந்தித்த பிறகும் ஸ்ட்ரைக்அவுட் வீதத்திலிருந்து வோக் வீதத்தைக் கழித்தால் 20க்கு மேல் வருகிறதா என்று பாருங்கள். டபிள்-ஏயில் அப்படி நிற்கிறவர் பெயரைக் குறித்து வைக்கலாம். கணக்குப் போடும்போது ஓர் இடத்தில் நம்மவர்கள் வழுக்கி விழுவதுண்டு. கிரிக்கெட்டில் 5.2 ஓவர் என்றால் ஐந்து ஓவரும் இரண்டு பந்தும். பேஸ்போலில் 5.2 இன்னிங்ஸ் என்றால் ஐந்து இன்னிங்ஸும் இரண்டு ஆட்டமிழப்பும். மூன்று ஆட்டமிழப்புச் சேர்ந்தால் ஓர் இன்னிங்ஸ். ஆகவே 5.2ஐயும் 4.2ஐயும் கூட்டினால் 10.1. கல்குலேட்டரில் தட்டினால் 9.4 என்று காட்டும். அதை அப்படியே எழுதினால் சராசரி முழுவதும் பிழையாகிவிடும்.

ஓட்டங்கள் ஏன் ஏமாற்றுகின்றன என்பதற்குக் காரணங்கள் பல. டிரிப்பிள்-ஏயில் 2019 முதல் மேஜர் லீக் பந்தையே பாவிக்கிறார்கள். கீழ் நிலைகளில் வேறு பந்து. டபிள்-ஏ வரை அடங்கிக் கிடந்த பந்து பஃபலோவுக்கு வந்ததும் வேலி தாண்டத் தொடங்கினால் பிள்ளை கெட்டுப்போய்விட்டார் என்று பொருளில்லை. டிரிப்பிள்-ஏயில் ஸ்ட்ரைக் தீர்ப்பை இயந்திரத்திடம் முறையிடும் வழி மேஜர் லீக்குக்கு முன்பே வந்துவிட்டது; அங்கே ஓரத்தில் பட்டும் படாமலும் எறிந்து தப்புவது கடினம், வோக் ஏறும். டிரிப்பிள்-ஏயின் பசிபிக் கரை லீக்கில் ரீனோ, அல்புகர்க்கி போன்ற உயரமான நகரங்களில் காற்று மெலிது, பந்து தூரம் போகும், வளைவதும் குறையும். எல்லாவற்றிலும் முக்கியமானது இன்னொன்று. மைனர் லீக் என்பது பயிற்சிக்கான இடம். "இன்றைக்கு அடி விழுந்தாலும் பரவாயில்லை, 20 சேஞ்ச்அப் (வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் பந்து) எறி" என்று பயிற்றுநர் சொல்லி அனுப்பினால் அந்தப் பிள்ளை அதைத்தான் செய்வார். ஓட்டக் கணக்கில் அது தெரியாது.

ட்ரே யெசாவிஜை எடுத்துக்கொள்ளுங்கள். அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் 2024 தெரிவில் 20ஆவது ஆளாகப் புளூ ஜேஸால் எடுக்கப்பட்டவர். 2025 பருவத்தை டனீடனில் தொடங்கி, நான்கு நிலைகளையும் அதே ஆண்டில் கடந்து, செப்டம்பர் 15இல் மேஜர் லீக்கில் முதல் ஆட்டம் ஆடி 9 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார். ஒக்டோபர் 29இல் உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ், 12 ஸ்ட்ரைக்அவுட், ஒரு வோக்கும் இல்லை. பலருக்கு அது திடீர் அதிசயம். மைனர் லீக் வரிகளைப் பார்த்து வந்தவர்களுக்கு 98 இன்னிங்ஸில் 160 ஸ்ட்ரைக்அவுட் என்ற கணக்கு முன்பே கண்ணில் பட்டிருந்தது. மிக உயரத்திலிருந்து கைவிடும் பந்து, கடைசி நேரத்தில் கீழே விழுகிற ஸ்பிளிட்டர். இரண்டும் ஒரே கையசைவில் வருவதால் துடுப்பாட்டக்காரர் பிரித்தறிய முடியாமல் திணறுகிறார்.

மறுபக்கமும் உண்டு. அலெக் மனோவா மைனர் லீக்கில் ஒன்பதே ஆட்டம் ஆடிவிட்டு 2021 மேயில் மேலே போனவர். 2022இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் மூன்றாம் இடம். 2023 ஜூனில் புளோரிடாவின் தொடக்கநிலை அணிக்கே திருப்பி அனுப்பப்பட்டார். 2024இல் முழங்கையில் அறுவை. ரோய் ஹாலடேயின் கதை எதிர்த் திசையில் போனது. 2000ஆம் ஆண்டில் அவரது ஓட்டச் சராசரி (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ஓட்டம்) 10.64. மேஜர் லீக்கில் நன்றாக அறியப்பட்ட அந்தப் பிட்சரை 2001இல் டனீடன் வரை இறக்கினார்கள். அந்தப் பருவத்தில் மெல் குவீன் என்ற பயிற்றுநர் அவர் கை வரும் கோணத்தைத் தாழ்த்தி, நேராகப் போகிற வேகப்பந்துக்குப் பதிலாக அசைகிற பந்துகளைக் கொடுத்தார். 2003இல் சை யங் விருது. 2019இல் ஹோல் ஒப் ஃபேம் என்ற பேஸ்போல் புகழ் மண்டபத்தில் இடம். கீழே அனுப்பப்பட்டார் என்ற செய்தியை உடனே இரங்கற்பா ஆக்க வேண்டாம் என்று கேட்பது இதற்காகத்தான்.

ஐந்தாவது எண்ணான பந்து எண்ணிக்கைதான் மிகவும் அலட்சியப்படுத்தப்படுகிறது. மைனர் லீக் அட்டவணையில் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியுடன் ஆறு ஆட்டம், திங்கள் ஓய்வு. ஆகவே தொடக்கப் பிட்சர் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவார். வியாழன் தோறும் எறிகிறவர் ஒரு வியாழன் காணாமற்போனால், பதவி உயர்வு என்று ஊகித்து எழுதுவதற்கு முன் ஏழு நாள் காயப் பட்டியலைப் பாருங்கள். கை நோவதற்கு முன்பே எண்கள் சைகை காட்டும்: வேகம் மணிக்கு மூன்று நான்கு கிலோமீற்றர் இறங்கும், வோக் ஏறும், 85 பந்து எறிந்து வந்தவர் 50இல் நிறுத்தப்படுவார். டனீடன் லீக்கிலும் டிரிப்பிள்-ஏயிலும் ஒவ்வொரு பந்தின் வேகமும் வெளியிடப்படுவதால் இதை யாரும் பார்க்கலாம். ரிக்கி டீட்மன் 2022இல் மூன்று நிலைகளில் 78.2 இன்னிங்ஸ் எறிந்து 117 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தவர். அப்போது அந்த அணியின் பெரிய நம்பிக்கை அவர்தான். 2024இல் முழங்கைத் தசைநார் அறுவை, 2025 முழுவதும் ஆட்டமில்லை. 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டொமி ஜோனுக்கு முதன்முதல் செய்த அந்த அறுவைக்குப் பிறகு திரும்பி வர 12 முதல் 18 மாதம் பிடிக்கும். திரும்பிய முதல் மாதங்களில் வேகம் வந்துவிடும். பந்தை நினைத்த இடத்தில் போடும் திறன் பிந்தித்தான் வரும். அப்போது வோக் கூடுவதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

பெயர்கள் திடீரென அணி மாறுவதையும் கவனிக்க வேண்டும். 2025 ஜூலை இறுதியில் ஷேன் பீபர் என்ற அனுபவசாலியைப் பெற, கால் ஸ்டீபன் என்ற இளம் பிட்சரை கிளீவ்லண்டுக்குக் கொடுத்தது புளூ ஜேஸ். வீரர் பரிமாற்றக் கெடு நெருங்கும் ஜூலை கடைசி வாரத்தில் நல்ல மைனர் லீக் பிட்சர் யாருமே நிலையில்லை.

பின்தொடர்வது இங்கிருந்து கடினமே இல்லை. பருவ காலத்தில் ரொறன்ரோ நேரத்துக்கு நாம் ஒன்பதரை மணி நேரம் முன்னால். பஃபலோவில் மாலை 6.35க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே அதிகாலை 4.05. வன்கூவர் ஆட்டம் மாலை 7.05 என்றால் நமக்குக் காலை 7.35. சிறுபோகத்துக்கு வாய்க்கால் பார்க்கப் போகிறவர்கள் எழும்பும் நேரத்தில் பஃபலோவின் முதல் இன்னிங்ஸ் நடக்கும். சிக்னல் மெலிந்த இடங்களில் காணொளி திக்கித் திணறும். பெரும்பாலான அணிகள் இணையத்தில் இலவசமாகத் தரும் வானொலி வர்ணனைக்குச் சொற்ப டேட்டாவே போதும். ஞாயிறு ஆட்டங்கள் எப்படியும் நமக்குத் திங்கள் காலைக்குள் முடிந்துவிடும். திங்கள் பகலில் தொகுத்தால், செவ்வாய்க்கிழமைப் பதிப்பில் நான்கு அணிகளின் தொடக்கப் பிட்சர்களையும் ஒரு சிறு பெட்டிக்குள் கொடுக்கலாம்.

இதே பெட்டிக்குப் பக்கத்தில் நமது பாடசாலை வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் ஓர் இடம் கேட்கிறோம். அமெரிக்காவில் 2014இல் வகுத்த இளையோர் வழிகாட்டலின்படி 15, 16 வயதுப் பிட்சர் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் எறியக் கூடாது. 76ஐ எட்டினால் நான்கு நாள் ஓய்வு. இங்கிலாந்து கிரிக்கெட் சபை 15 வயதுக்கு உட்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு மூச்சில் 6 ஓவர், ஒரு நாளில் 12 ஓவர் என்று எல்லை வைத்தது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ நன்றாக வீசுகிற ஒரு பிள்ளை 17 வயதுப் பிரிவிலும் 19 வயதுப் பிரிவிலும் கடினப்பந்தில் வீசுவார், சனி ஞாயிறில் ஊர்க் கழகத்துக்கு மென்பந்தில் வீசுவார், இடையில் வலைப்பயிற்சி. மூன்றையும் சேர்த்துக் கூட்டுகிற ஆள் இல்லை. முதுகின் கீழ் முள்ளெலும்பில் விழும் நுண்வெடிப்பு, பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப் பக்கத்தில், இப்படித்தான் வருகிறது; பின்னால் வளையும்போது ஒரு பக்கம் மட்டும் நோவது அதன் முதல் அடையாளம். தைலம் தேய்த்து அடுத்த ஆட்டத்துக்கு இறக்கினால் வெடிப்பு முழு முறிவாகிவிடும். பற் கமின்ஸ் 2011இல் 18 வயதில் முதல் டெஸ்ட் ஆடிவிட்டு, அடுத்த டெஸ்டுக்கு 2017 வரை காத்திருந்தார். முதுகும் மற்றக் காயங்களும்தான் காரணம். அவருக்குப் பின்னால் ஒரு நாட்டின் மருத்துவக் குழு நின்றது.

ஆகையால், போட்டி முடிவுகளை உங்களுக்கு அனுப்பும் பொறுப்பாசிரியர்களிடமும் கழகச் செயலாளர்களிடமும் விக்கெட்டுடன் பிறந்த ஆண்டையும், அந்த வாரம் கடினப்பந்து, மென்பந்து, வலை மூன்றிலும் வீசிய மொத்தப் பந்துகளையும் கேட்டு வாங்குங்கள். ஸ்கோர் தாளின் ஓரத்தில் இரண்டு பத்தி கீறினால் போதும். பத்திரிகை கேட்டால் எண்ணுவார்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
ஒட்டுசுட்டான்.